லிட்டருக்கு எவ்வளவு

சண்முகத்தாயின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரன் கம்பையும் கீற்றையும் பிடுங்கிக்கொண்டு போனபிறகு வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. வேப்பமரத்தடியில் வண்டி மட்டும் நின்றது. பங்குனி மாதத்துப் பூ கூரையிலும் கண்ணாடியிலும் உதிர்ந்து, வெள்ளை வண்டி மஞ்சளோடிப் போயிருந்தது.

"எப்பா, இந்த வண்டிய இனி வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று மகள் பிரேமா கேட்டாள்.

இசக்கியப்பன் நார்க்கட்டிலில் உட்கார்ந்து வலது முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். "என்ன செய்ய, நிக்கட்டும்" என்றார்.

"நின்னாலும் சும்மாவா நிக்கும்? இன்சூரன்ஸ் கட்டணும். பேட்டரி எறங்கிரும். டயரு பாளம் பாளமா வெடிச்சிரும். வித்துட்டு எங்கூட கோயமுத்தூருக்கு வாங்க. இங்கன தனியா கெடந்து யாருக்குப் பொங்கித் திங்கப் போறீங்க? கடையும் இல்ல."

கடை இல்லை என்பது மெய்தான். சாத்தான்குளம் பஜாரில் இசக்கியப்பன் கடை என்றால் ஒருகாலத்தில் சுற்றுப்பட்டிக்கெல்லாம் தெரியும். உளுந்தும் கருப்பட்டியும் அவர் கடையில் வாங்கினால் மறுபேச்சு இருக்காது. மனைவி சண்முகத்தாய்க்குக் காலும் முகமும் வீங்கி, சோறு கண்டால் ஓங்கரித்து, கடைசியில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்விட்டது என்று டாக்டர் சொன்ன வருஷத்திலிருந்துதான் எல்லாம் மாறியது. திங்கள், புதன், வெள்ளி. வாரத்தில் அந்த மூன்று நாளும் தூத்துக்குடிக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும்.

முதலில் பஸ்ஸில்தான் போனார்கள். போகிறபோது ஒன்றும் தெரியாது. நாலு மணிநேரம் உடம்பு ரத்தத்தையெல்லாம் மெஷினுக்குள் விட்டு எடுத்து, தேங்கிக் கிடந்த நீரை உறிஞ்சிவிட்டு அனுப்புவார்கள். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவதுதான் பாடு. நிற்க முடியாது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், தலை கிறுகிறுக்கும். முக்காணியில் ஒருநாள் ஜன்னலோரம் இருந்த ஆள் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அந்த ஆள் ஒன்றும் சொல்லவில்லை. சண்முகத்தாய்தான் குறுகிப்போய், ஊர் வந்து சேருகிற வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். அடுத்த மாதமே இசக்கியப்பன் திருநெல்வேலியில் ஒரு பல் டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய டீசல் வண்டியை வாங்கிவிட்டார்.

வண்டியைப் பார்க்க வந்தவர்கள் யாரும் என்ன வண்டி, எந்த வருஷத்து வண்டி என்று கேட்கவில்லை. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "லிட்டருக்கு எவ்வளவு அண்ணாச்சி கொடுக்கும்?"

"இருபது கொடுக்கும்" என்று இசக்கியப்பன் சொல்வார். அதைச் சொல்லும்போது அவருக்குப் படித்த மகனைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கும்.

டீசல் கண்ணுக்குத் தெரிகிற செலவு. அதை மனசில் வைத்துக்கொண்டுதான் எல்லாரும் வண்டி வாங்குகிறார்கள். தெரியாத செலவுகள் பிறகு ஒவ்வொன்றாக எழுந்து வரும். டயர் தேயும், கிளட்ச் போகும், உப்புக்காற்றில் அடித்தகடு துருப்பிடித்து உதிரும். கடையை வாரத்துக்கு மூன்று நாள் பூட்டினால் நாலாவது நாள் திறந்து வைத்தாலும் ஆள் வராது என்பதையும் அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார். சரக்கு வாங்கிப் பழகியவர்கள் எதிர்க்கடைக்குப் பழகிவிட்டார்கள். ஒரு தீபாவளிக்குப் பிறகு கடையை வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வாடகையில் வண்டி ஓடிற்று.

அதிலிருந்துதான் அவர் காலுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஐம்பத்தைந்துக்கு மேல் முள் ஏறாது. வேகத்தடை தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிடுவார். வெயில் ஏறுமுன் டயரில் காற்று பார்ப்பார். டிக்கியில் ஒரு சாக்குகூடக் கிடக்க விடமாட்டார், பாரம் ஏறினால் டீசல் குடிக்கும் என்று. ஆடி மாதம் மேல்காற்று வீசும்போது போகையில் வண்டியைக் காற்றே தள்ளிக்கொண்டு போகும். வருகையில் தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளி முகத்தில் அடித்து மறிக்கும். அந்த மாதங்களில் இன்னும் பைய ஓட்டுவார். லோடு லாரிக்காரன்கூட ஹாரன் அடித்து ஏசிக்கொண்டே தாண்டிப் போவான்.

மகள் இப்போது அதையெல்லாம்தான் சொல்லிக் காட்டினாள்.

"வித்தா என்ன கெட்டுப்போச்சு? அம்மைய வேக வச்ச வண்டிதான அது."

"என்னளா சொல்லுத?"

"ஒருநாள் ஏசி போட்டிருப்பீங்களா? சித்திர வெயில்ல, ஒரு டம்ளர் தண்ணிகூட முழுசாக் குடிக்கக் கூடாதுன்னு கெடந்தவ. நாக்கு வறண்டு கெடந்தவள கண்ணாடிய எறக்கி விட்டு அனல்காத்துல கூட்டியாந்தீங்க. நான் லீவுல வந்தப்ப ஒருநாள் உங்ககூட வண்டியில வந்தேன்லா? எனக்கே மூச்சு முட்டிச்சு. எதுக்கு அது? லிட்டருக்கு ஒரு கிலோமீட்டரு கூடக் கொடுக்கணும்னுதான?"

இசக்கியப்பன் முழங்காலை நீவுவதை நிறுத்தவில்லை.

"அம்ம பொணமா வாரா, நீங்க பின்னால பைய வாரீங்க. மாமா சொன்னாவ. பொணம் எறக்கிப் போட்டு, ஊர்ப் பொம்பளையெல்லாம் அழுது முடிச்ச பொறவு நீங்க வந்து சேந்தீங்களாம். அன்னைக்குமா எண்ணெய மிச்சம் பிடிக்கணும்?"

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவர் அழவில்லை. அவருக்குச் சொல்ல இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் செத்தவள் மேல் பழியைப் போடுவதுபோல் ஆகிவிடும். எழுந்து பின்கட்டுக்குப் போய்க் காலைக் கழுவிவிட்டு வந்தார்.

மாசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை அது நடந்தது. வார்டுக்குள் சண்முகத்தாயை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வளாகத்து வாதமரத்தடியில் உட்கார்ந்திருந்தவரிடம் நர்சு வந்து, "அப்பா, உள்ள வாங்க" என்றது. அந்தப் பிள்ளை எப்போதும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அன்றைக்கு அப்பா என்று கூப்பிட்டதிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. மெஷினில் இருக்கும்போதே இருதயம் நின்றுபோயிருந்தது. தூத்துக்குடியிலிருந்த மச்சினன் ஓடிவந்து எல்லாவற்றையும் பார்த்தான். அமரர் ஊர்தி வந்து நின்றதும், "அத்தான், ஏறுங்க" என்றான்.

இசக்கியப்பன் ஏறவில்லை. வார்டு வாசலில் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நாசரேத் எஸ்றா சார், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இன்னொருத்தி குரும்பூர் முத்துக்கனி, முப்பது வயது தாண்டாத பிள்ளை. புருஷன் பம்பாயில் மிட்டாய்க்கடையில் நிற்கிறான். இரண்டு பேரும் அப்போதுதான் மெஷினிலிருந்து இறங்கியிருந்தார்கள். கையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வெளிறிப்போய், அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷமாக அவர் வண்டியில்தான் வருகிறார்கள். டீசலைப் பங்குபோட்டுக்கொள்வது ஏற்பாடு.

"நீ உங்க அக்காகூட ஏறு. நான் இவங்களக் கூட்டிட்டு வாரேன்" என்று மச்சினனிடம் சொன்னார்.

பழையகாயல் வரை அமரர் ஊர்தி கண்ணில் தெரிந்தது. பிறகு உப்பளத்து வெள்ளைக்குள் சிறிதாகிச் சிறிதாகி மறைந்துவிட்டது. விரட்டிப் பிடிக்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். கால் அமுங்கவில்லை. அமுக்கு, அமுக்கு என்று மனசு அடித்துக்கொண்டது. கால் தன்பாட்டுக்கு ஐம்பத்தைந்திலேயே நின்றது. குரும்பூரில் வண்டியை ஓரம் கட்டினால் முத்துக்கனி இறங்க மாட்டேன் என்றாள். நாசரேத்தில் எஸ்றா சாரும், "விடுங்க, வீட்டுக்குப் போங்க" என்றார். நிற்க முடியாத இரண்டு உடம்புகளும் சாத்தான்குளம் வரை வந்து, சண்முகத்தாய் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டுத்தான் போயின.

பிரேமா போனில் வண்டியைப் படம் எடுத்துப் போட்டாள். பேய்க்குளம் பக்கத்திலிருந்து லிங்கராஜ் என்று ஒருவன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகப் பேச்சு முடிந்தது. இசக்கியப்பன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணி வெயிலில் எஸ்றா சாரும் முத்துக்கனியும் வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி பஜாரிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். எஸ்றா சார் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். இசக்கியப்பன் குனிந்து அவர் காலைப் பார்த்தார். பாதம் பணியாரம்போல் ஊதி, விரல்கள் உள்ளே போயிருந்தன.

"என்ன சார் இது? எத்தன தடவ தப்ப விட்டீங்க?"

"ரெண்டு தடவ. பஸ்ஸை விட்டு எறங்க முடியல இசக்கியப்பன். திங்கக்கிழமை ஆறுமுகநேரியில தல சுத்தி, கண்டக்டரு தம்பி எறக்கி விட்டு சோடா வாங்கிக் கொடுத்தான். சோடாவக் குடிக்கவும் கூடாது, வேண்டாம்னு சொல்ல வாயும் வரல. புதன்கிழமை பொறப்படவே பயமா இருந்துச்சு. நேத்து போயிட்டேன். ஒரே நாள்ல எல்லா நீரையும் எடுக்க மாட்டாங்களாம். கொஞ்சம்தான் எடுத்தாங்க."

முத்துக்கனி பிரேமாவின் பிள்ளைக்கென்று சில்லுக்கருப்பட்டி கொண்டுவந்திருந்தாள். பிரேமா காப்பி போட்டுக் கொண்டுவந்தபோது இரண்டு பேரும் ஒரே மாதிரி பாதியை வேறு டம்ளரில் ஊற்றித் திருப்பிக் கொடுத்தார்கள்.

"போதும் தாயி. இதுவே இன்னைக்குத் தண்ணிப் பங்குல பாதி" என்றார் எஸ்றா சார்.

பிரேமா மீதிக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். பிறகு முத்துக்கனியைக் கூட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

ஆண்கள் இரண்டு பேரும் கூடத்தில் இருந்தார்கள். மின்விசிறி கறகறவென்று சுற்றியது.

"நாளைக்கு வண்டி பாக்க ஆள் வாரான் சார்" என்றார் இசக்கியப்பன்.

"தெரியும். பாப்பா போன்ல போட்டிருந்ததை முத்துக்கனி காட்டினா. வித்திருங்க. நாங்க அதக் கேக்க வரல. வீட்டுல வந்து ஒரு வார்த்த பேசணும்னு வந்தோம்."

"நீங்க எப்படிப் போவீங்க?"

"எப்படியாச்சும் போய்க்கிடுவோம்." எஸ்றா சார் தன் காலையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூணு பேரு போன வண்டி. இனி ரெண்டு பேருன்னா பங்கு ஏறும், கட்டாது. அதுவும் எத்தன நாளைக்கு ரெண்டு பேரு? நான் போயிட்டா அந்தப் பிள்ள ஒருத்திக்கா நீங்க வண்டி எடுக்க முடியும்? அவளுக்கு மூணாங்கிளாஸ் படிக்கிற மகன் இருக்கான். ராத்திரி ஜெபத்துல நான் இதத்தான் கேக்கேன். எனக்கு சுகம் வேணும்னு கேக்கல. அந்தப் பிள்ளைக்கு வேற ஒரு ஆள் கூடுத வரைக்கும் என்னைய வச்சிருன்னு கேக்கேன்."

அவர் சிரித்தார். இசக்கியப்பனால் சிரிக்க முடியவில்லை.

அடுக்களையிலிருந்து பேச்சு கேட்டது. பிரேமா ஏதோ கேட்டிருக்க வேண்டும். முத்துக்கனியின் குரல் மெலிதாக வந்தது.

"ஏசியா? அண்ணாச்சி போடாமலா? அவிய திருகுவாவ, மதினி நிப்பாட்டுவா. அவிய மறுபடியும் திருகுவாவ, இவ மறுபடியும் நிப்பாட்டுவா. முள்ளக்காடு தாண்டுத வரைக்கும் ரெண்டு பேருக்கும் இதே சண்டதான். ஒருநாள் அண்ணாச்சி கைய படீர்னு தட்டி விட்டுட்டா. 'ஒத்த மனுசி உசுரோட கெடக்கதுக்கு இம்புட்டு எண்ணெய் குடிக்கது பத்தாதா, இன்னும் குடிக்கணுமா'ன்னு கேட்டா பாத்துக்க. பொறவு அண்ணாச்சி வாயே தெறக்கல."

பிரேமா டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எங்கள வண்டியில ஏத்துனதே மதினிதான். வார்டுல ஒவ்வொரு கட்டிலா எட்டிப் பாத்து, உனக்கு எந்த ஊரு, உனக்கு எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டே வந்தா. நான் குரும்பூருன்னு சொன்னதும் அவளுக்கு வந்த சந்தோசத்தப் பாக்கணுமே. வழியிலதான இருக்குன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டா. ஒரு வண்டி எண்ணெயில மூணு உசுரு ஓடிருமுன்னு சொன்னா. எனக்கு வேர்க்குதுன்னு பாத்தான்னா மட்டும் அவளே ஏசிய போடச் சொல்லுவா. நான் வேர்க்கலன்னு சொல்லுவேன். பங்கு கூடிருமுல்லா."

இசக்கியப்பன் எழுந்து வாசலுக்குப் போனார். வெயிலில் கண் கூசிற்று. அவரே ஒருநாளும் எவரிடமும் சொல்லாதது அது. ஏசியைப் பிடித்த கையை அவள் தட்டிவிட்ட அன்றைக்கு, அந்தச் சொல்லைக் கேட்டபிறகு, அவருக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. பின்னால் ஆட்கள் இருந்தார்கள். ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது பிரேமா முகம் கழுவி, அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"எங்கிட்ட ஏம்பா சொல்லல?"

"செத்துப்போனவளப் பத்தி எப்படிளா சொல்ல."

அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் களைந்தாள். மூன்று தண்ணீர் ஆயிற்று. நாலாவது தண்ணீரையும் ஊற்றினாள்.

"ஆனாலும் விக்கத்தான் வேணும்பா" என்றாள். குரலில் முன்னைப்போல் கோபம் இல்லை. "அம்மையே போயிட்டா. இன்னும் அந்த ரோடு எதுக்கு? உங்களுக்கு சுகர் இருக்கு. முட்டி வலியோட வண்டி ஓட்டுதீங்க. லாரியா வார ரோட்டுல நீங்க ஓட்டிட்டு இருக்கும்போதே ஒண்ணுன்னா, உள்ள இருக்கவங்களையும் சேத்துல்லா கொண்டு போவீங்க?"

அது நியாயமான கேள்வி என்று அவருக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை லிங்கராஜ் பைக்கில் வந்தான். கறுத்து மெலிந்த ஆள், சட்டையில் வாழைக்கறை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குனிந்து அடித்தகட்டைப் பார்த்தான். டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் அழுத்திப் பார்த்தான். வண்டி தெரிந்தவன்தான் என்று இசக்கியப்பன் நினைத்துக்கொண்டார்.

"ஓட்டிப் பாக்கலாமா அண்ணாச்சி?"

"ஓட்டு."

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செக்கச்செவேல் என்று தேரி. உடைமரங்கள் காற்றுக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றன. தூரத்தில் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின. லிங்கராஜ் அமுக்கி ஓட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசக்கியப்பனின் வலது கால் தானாகவே மேலே தூக்கிக்கொண்டது. அவருக்கே அது வெட்கமாக இருந்தது.

"எவ்வளவு கொடுக்குது அண்ணாச்சி?"

"இருபது கொடுத்துச்சு. இப்பம் பதினாறு கொடுத்தா பெருசு."

"தூத்துக்குடிக்கு ஒருநாள் போயிட்டு வந்தா எம்புட்டு டீசலு ஆகும்? ஏசி போட்டு வந்தா கூட எம்புட்டு ஆகும்? அங்கன நாலஞ்சு மணிநேரம் நிக்கும். அதச் சேக்க வேண்டாம்."

இசக்கியப்பன் திரும்பி அவனைப் பார்த்தார். "ஓரமா நிப்பாட்டு" என்றார்.

அவன் பனைகளுக்கு அடியில் நிறுத்தினான்.

"யாருக்கு?"

லிங்கராஜுக்கு உடனே புரியவில்லை. பிறகு ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மைக்கு. மாசி பொறந்ததுல இருந்து போறோம். பஸ்லதான். முந்தாநாள் வரும்போது ஆத்தூர்ல எறங்கி, 'மக்கா, என்னய இங்கன விட்டுட்டுப் போ'ன்னு ரோட்டுல படுத்துட்டா. வெத்தலக் கொடிக்கால்ல வேல செய்யுத பொம்பளையெல்லாம் ஓடி வந்துட்டாவ. அம்மைக்கு இது புடிபடல அண்ணாச்சி. ரத்தத்த உறிஞ்சுதாங்கன்னே நெனைக்கா."

"என்ன வேல பாக்க?"

"வாழக்கா லோடு ஓட்டுதேன். போன மாசத்துல பாதி நாளு போவல. மொதலாளி வேற ஆள் பாத்துருவேம்ன்னு சொல்லுதாரு."

"வண்டிக்கு ரூவாய்?"

"அப்பா வச்சிட்டுப் போன பனவெள நெலம் ஒண்ணு கெடக்கு. முப்பது பன நிக்கி. அத வெலைக்குக் கேட்டுருக்காவ."

இசக்கியப்பன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கொஞ்ச தூரம் நடந்தார். மணல் காலைச் சுட்டது. கடை பூட்டிக் கிடந்த நாட்கள் அவருக்கு ஞாபகம் வந்தன. ஒரு திங்கட்கிழமை தூத்துக்குடியிலிருந்து வரும்போது, தன் கடையில் கால்நூற்றாண்டு சாமான் வாங்கிய ஒருத்தி எதிர்க்கடையில் பை நிறைய வாங்கிக்கொண்டு, அவர் வண்டியைக் கண்டதும் பையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து ஜன்னலில் கையை ஊன்றி நின்றார்.

"வாங்காத" என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"இந்த வண்டிய நீ வாங்காத. எந்த வண்டியையும் வாங்காத. வாங்குத வெல ஒரு தடவதான். பொறவு அது உங்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கும். நீ வெளைய விப்பே. வித்துட்டு அம்மைய ஏத்திக்கிட்டுப் போவே. வண்டி ஓட்டணும்னா வேலைக்குப் போக முடியாது, வேலைக்குப் போவாட்டா வண்டிக்கு எண்ணெய் ஊத்த முடியாது. அம்ம அதப் பாத்துக்கிட்டே இருப்பா. உங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா. உள்ளுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே வருவா. அந்தக் கணக்கு போடுத வலி இருக்கே, அது ஊசி வலியவிடப் பெருசு. நான் பாத்தவன்."

லிங்கராஜ் அவரைச் சந்தேகமாகப் பார்த்தான். "வேற ஆளு கூடுதல் வெலைக்குக் கேட்டுருக்கானா அண்ணாச்சி? அப்படின்னா நேரா சொல்லிருங்க."

"ஒருத்தனும் கேக்கல. விக்கலன்னு சொல்லுதேன். நாளைக்கு விடியமுன்ன அம்மைய பஜார் முக்குல கொண்டாந்து விடு. நாசரேத்துல ஒருத்தரு ஏறுவாரு, குரும்பூர்ல ஒரு பிள்ள ஏறும். எண்ணெய்ல மூணுல ஒரு பங்கு கொடு. நீ லோடுக்குப் போ."

"நீங்க? உங்க வீட்டு மதினிக்குன்னு வாங்குன வண்டின்னு அந்தப் பிள்ள போன்ல சொல்லிச்சே."

"அவ இல்ல" என்றார் இசக்கியப்பன்.

லிங்கராஜ் கைகளை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"லைசென்சு இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி."

"எனக்கு முட்டி சரியில்ல. முடியாத அன்னைக்கு நீ ஓட்டணும். ஞாயித்துக்கிழமயெல்லாம் வந்து என்கூட ஓட்டிப் பழகு. இப்படி அமுக்கி ஓட்டக் கூடாது. குழியில விழுந்தா அவங்களுக்கு உடம்பு தாங்காது."

வீட்டு வாசலில் பிரேமா நின்றிருந்தாள். லிங்கராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு போனதும், "முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டாள்.

"விக்கல" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். முடியாத நாளில் ஓட்ட ஆள் இருக்கிறது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பிரேமா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, "இந்த அஞ்சு வருசத்துல உங்களுக்குன்னு ஒரு நாள் இருந்திருக்காப்பா?" என்று கேட்டாள்.

"உங்கம்மைக்கும்தான் இல்ல."

அவள் உள்ளே போய்ப் பையை அடுக்கத் தொடங்கினாள். அவர் துணிகளை எடுத்து வைக்கவில்லை. தன்னுடையதை மட்டும் அடுக்கினாள். கோயமுத்தூரில் விட்டுவந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, நாளைக்கே கிளம்ப வேண்டும் என்றாள். தூத்துக்குடியில் பஸ் ஏற்றிவிடுகிறேன், எங்களோடு வா என்று அவர் சொன்னதற்குத் தலையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை பஜார் முக்கில் தெருவிளக்குக்குக் கீழே லிங்கராஜ் அம்மாவைக் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தான். சண்முகவடிவு என்று பெயர். குட்டையான கிழவி, காதில் பாம்படம் கழற்றிய பெரிய துளை, கையில் ஒரு மஞ்சள் பை. அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே முன்கதவைத் திறந்து இசக்கியப்பனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் இருந்த பிரேமா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இசக்கியப்பன் வண்டியை எடுக்கச் சற்றுத் தாமதமாயிற்று.

நாசரேத்தில் எஸ்றா சார் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரும்பூரில் முத்துக்கனி மகனுக்குச் சோற்றுத்தூக்கைக் கொடுத்துவிட்டு ஏறினாள். பின்னால் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வண்டி பாரம் தாங்கி ஓடிற்று.

ஆறுமுகநேரி தாண்டும்போது கிழவி பின்னால் திரும்பி, "ஏளா, உனக்கும் ரத்தத்த எடுக்காவளா? இம்புட்டுப் பிள்ளைக்கா?" என்று கேட்டாள்.

முத்துக்கனி முழங்கை வரை சேலையை விலக்கிக் கையைக் காட்டினாள். ஊசி ஏற்றுகிற நரம்பு விம்மி, கயிறுபோல் முறுக்கி ஓடியது. "எடுக்க மாட்டாவ ஆச்சி. எடுத்து, கழுவி, திருப்பி உள்ள விட்டுருவாவ. தொட்டுப் பாருங்க. உள்ள தடதடன்னு ஓடுதது தெரியும்."

கிழவி விரலை வைத்துப் பார்த்தாள். எடுக்கவே இல்லை. ஆத்தூர் வரைக்கும் அப்படியே திரும்பி உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தாள்.

ஆற்றுப்பாலத்தில் வண்டி ஏறும்போது கிழக்கு வெளுத்திருந்தது. கீழே தாமிரபரணியில் தண்ணீர் ஒருபக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. அக்கரையில் உப்பளத்து ஆட்கள் சைக்கிளில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கிழவி முன்பக்கம் திரும்பி, மஞ்சள் பையை மடியில் அணைத்துக்கொண்டாள்.

"ஐயா" என்றாள் இசக்கியப்பனிடம். "இது எத்தன நாளைக்கு இப்படிப் போணும்? டாக்டருட்ட கேட்டாலும் சொல்ல மாட்டேங்காரு. எம்மவனும் சொல்ல மாட்டேங்கான்."

எஸ்றா சார் தொண்டையைச் செருமினார். முத்துக்கனி கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். பிரேமா கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் பாலத்தை விட்டு இறங்கி, முக்காணி வளைவைத் தாண்டி, எதிரே வந்த உப்பு லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டு, கியரை மாற்றினார்.

"வண்டி ஓடுத வரைக்கும் போவோம், ஆத்தா" என்றார்.

கிழவி அதைக் கொஞ்சநேரம் யோசித்தாள்.

"அப்ப சரி" என்று சொல்லிக் காலை நீட்டிக்கொண்டாள். பழையகாயல் வருவதற்குள் தூங்கிப்போனாள்.